மாமா கொண்டுவந்த ஸ்பீக்கர்கள்

எங்கள் மாருதி காரில் கம்பனியே வைத்துக் கொடுத்த ஸ்பீக்கர்கள் மேல் அப்பாவுக்குக் கோபம் வந்தது, நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம். அதுவரை நன்றாகப் பாடியவைதான். திடீரென்று, பாட்டில் ஒரு சொல்லும் விளங்கவில்லை என்று ஆரம்பித்தார். சத்தம் கூட்டும் குமிழைத் திருகித் திருகிக் கடைசி வரை கொண்டுபோவார். ஸ்பீக்கர் கரகரவென்று அழும். “இது எதுக்குக் கொள்ளும்?” என்பார். அப்படி அவர் கேட்பது அடுத்த வீட்டுக்கும் கேட்கும். தனுவச்சபுரம் போகிற ரோட்டில் மர மில் வைத்திருந்தார். நாள் முழுக்க ரம்பத்தின் அலறலுக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதர் உரக்கப் பேசாமல் வேறு எப்படிப் பேசுவார் என்று நாங்களும் பழகிப்போயிருந்தோம்.

அம்மாவின் தம்பி அப்போது துபாயில் இருந்தார். அவருக்கு அம்மா என்ன சொல்லி அனுப்பினாளோ, அந்த முறை லீவுக்கு வந்தபோது அவர் பெட்டியிலிருந்து பெரிய பப்படம் அகலத்தில் இரண்டு புது ஸ்பீக்கர்கள் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் மாமாவும் காரின் முன்கதவுகளின் உள்பக்க அட்டையைக் கழற்றினார்கள். ஒரு கதவுக்குள் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் கம்பிகள், கறுத்த கிரீஸ், எப்போதோ விழுந்துபோன என் வளையல் ஒன்று. பழைய ஸ்பீக்கர் வெளியே வந்ததும் சப்பென்றாகிவிட்டது. ஒரு காகிதக் கூம்பும் பொத்தான் மாதிரி ஒரு காந்தமும்தான். புதியதை ஒரு கையால் தூக்க என்னால் முடியவில்லை.

பழைய ஓட்டைக்குள் புதியது இறங்காது. தகரத்தை வெட்டத் தொடங்கியதும் அம்மா பார்க்க மாட்டாமல் உள்ளே போய்விட்டாள். தகரத்துக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் வைத்துத் திருகுவதற்கு அப்பா மில்லில் கிடந்த பலாப்பலகையில் இரண்டு வளையங்கள் அறுத்துக் கொண்டுவந்திருந்தார். மஞ்சள் மஞ்சளாய், வழவழவென்று. ஒயரைக் கதவிலிருந்து வண்டிக்குள் இழுக்கும் ரப்பர் குழாய்க்குள் பெரியவர்கள் கை போகவில்லை. மாமா என்னைக் கூப்பிட்டார்.

“மக்கா, நீ வெரல உட்டுப் பாரு.”

தடவித் தடவி நுனியைப் பிடித்து இழுத்துவிட்டேன். அதன் பிறகு அந்த வேலையில் எனக்கும் பங்கு உண்டு என்ற நினைப்பில் யாரும் சொல்லாமலே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

கேசட்டைப் போட்டதும் மாமாவின் முகம் சுருங்கியது. பாட்டுக்கு அடிச்சத்தமே இல்லை. தகர டப்பாவுக்குள் யாரோ பாடுவது போல இருந்தது. அப்பா அதற்குள், “கொள்ளாம், நல்ல சத்தமாக்கும்,” என்று சொல்லிவிட்டார். மாமா அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒரு கதவின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றிச் செருகினார்.

தாளம் வந்து என் வயிற்றில் இடித்தது. எத்தனையோ தடவை கேட்ட பாட்டு அது. பாடுகிறவர் அடுத்த அடிக்கு முன்னால் மெல்ல மூச்சு இழுப்பதை அன்றுதான் கேட்டேன். பின்னால் எங்கோ ஒரு சலங்கை. இத்தனை நாளும் அது அந்தக் கேசட்டுக்குள்தான் இருந்தது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அசைந்தால் போய்விடுமோ என்று அப்படியே இருந்தேன். அப்பா கதவின் மேல் உள்ளங்கையைப் பதித்துக் கண்களை மூடியிருந்தார்.

சாயங்காலம் நெய்யாற்றின்கரைக்குப் புறப்பட்டோம். அப்பா ஓட்ட, மாமா பக்கத்தில். அம்மாவும் நானும் பின்னால். கண்ணாடிகளை ஏற்றி, குமிழையும் கடைசி வரை திருகியிருந்தார் அப்பா. பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தது. அப்பா ஒதுங்கவில்லை. மறுபடியும் அடித்தது. பாட்டுச் சத்தத்தில் ஹார்ன் கேட்கவில்லை போலும் என்று நினைத்த மாமா, கையை நீட்டிப் பாட்டை அணைத்துவிட்டார். காருக்குள் ஹார்ன் மட்டும்தான் இருந்தது.

அப்பாவின் விரல்கள் ஸ்டியரிங்கில் அதே தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தன.

“இப்பமாக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்குது,” என்றார், சாலையைப் பார்த்தபடியே.

மாமா திரும்பி அம்மாவைப் பார்த்தார். பிறகு அப்பாவின் தோளைத் தொட்டு, பஸ்ஸுக்கு வழி விடச் சொல்லிக் கையைக் காட்டினார். அம்மா வெளியே பார்ப்பது போலத் திரும்பி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிறுத்திய பிறகும் ஒருவருக்குள் பாடிக்கொண்டே இருக்கிற ஸ்பீக்கர்களை அல்லவா மாமா கொண்டுவந்திருக்கிறார் என்று, வாயைப் பிளந்து அப்பாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.