அஞ்சலை துடைத்த கண்ணாடி

பயிற்சி விடுதி அறிவிப்புகளை இங்கிலீஷில் டைப் அடித்து ஒட்டினால் எடுப்பாக இருக்குமே என்று மெஸ் வரிசையில் நிற்கும்போது தோன்றியது. விடுதிச் செயலாளன் நான்தான், அன்றே ஆரம்பித்துவிட்டேன். பர்மனென்ட் வேலைக்குக் கான்ட்ராக்ட் ஆட்கள் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்ற அறிவிப்பையும் அப்படியே கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

சனிக்கிழமை காலை, வடக்குத்து கிராமத்திலிருந்து கான்ட்ராக்டில் விடுதியைப் பெருக்க வரும் அஞ்சலையிடம், "பேர் குடுத்துட்டீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க?"

சொன்னேன். பெருக்குவதை நிறுத்திவிட்டுப் பலகையைப் பார்த்தார்.

"தெனம் அந்தக் கண்ணாடியத் தொடச்சிகினுதான் இருந்தேன். தமிழ்ல இருந்தா எழுத்துக் கூட்டியாவது படிச்சிருப்பேன். இங்கிலீசுல இருக்கவே, உங்க சமாச்சாரம்னு நெனச்சிகினேன், தம்பி."

அவர் திட்டியிருந்தால் தேவலை. என் பகட்டு ஒருவர் பிழைப்பில் கை வைக்கும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

தவறு என்னுடையது, அவர் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தமிழில் மனு எழுதியிருக்கிறேன். அவரும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். திங்கட்கிழமை அலுவலகம் திறக்கும்போது இருவரும் வாசலில் நிற்போம்.