நடை வேகத்துக்கு ஒரு வண்டி

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு காலை. திண்டுக்கல் பேகம்பூரில் முகமது பாரூக்கின் மெக்கானிக் பட்டறை வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. ஒன்று பழைய காலத்து உருவத்தில் புதிதாகச் செய்த வண்டி. வட்ட விளக்கு, உருண்ட டேங்க், எஞ்சினைச் சுற்றி அடுக்கடுக்காக உலோக மடிப்புகள். காற்றுப் பட்டு ஆறும் எஞ்சின் அது. மற்றது கூர்மூக்கு வைத்த புது மோஸ்தர். முன்சக்கரத்துக்குப் பின்னால் ரேடியேட்டர், அதற்குள் தண்ணீர்.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள் அன்புக்கரசி. அவளுக்கு வேகம் தேவையில்லை. கணவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, மனிதர் நடக்கிற வேகத்தில் பழனி வரைக்கும் ஓட்டிப் போக வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகத்தான் ஐந்து வருடமாக அவள் நெஞ்சு வெந்துகொண்டிருந்தது.

அழகர்சாமி ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டியவன். தைப்பூசம் நெருங்கினால் மட்டும் ஸ்டியரிங்கைத் தொடமாட்டான். பச்சை வேட்டி கட்டிக்கொண்டு குழுவோடு பழனிக்கு நடப்பான். குழுவுக்கே அவன்தான் குரல். அவன் எடுத்துக் கொடுத்தால்தான் பின்னால் அரோகரா எழும். ஒரு மழைநாளில் மலைப்பாதையில் லாரி கவிழ்ந்தது. உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்வு தப்பவில்லை. அவர்கள் வீடு பழனி சாலையில் இருந்தது. ஒவ்வொரு தையிலும் யாத்திரைக்காரர்கள் வாசலைக் கடக்கும்போது அவன் ஜன்னலைச் சாத்தச் சொல்வான்.

வேன் வைத்துக் கூட்டிப் போகிறேன் என்று அவள் கெஞ்சியும் பார்த்தாள். "நான் என்ன தக்காளிப் பெட்டியா, ஏத்தி எறக்க? நடக்கிறவுக கூட அவுக வேகத்துல போனாத்தான் அது யாத்திரை" என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்றுதான் பக்கவாட்டில் ஓர் ஆள் உட்காரும்படி சைடு கார் வைத்த மோட்டார் சைக்கிள் என்ற எண்ணம் அவளுக்குள் விழுந்தது. விழுந்தது எழவேயில்லை.

"ரெண்டுலயும் சைடு கார் பூட்டலாமா பாய்?"

"பூட்டலாம்மா. பழைய மாடலுக்குச் சட்டம் கெட்டி, நேரா பூட்டிரலாம். தண்ணி வண்டிக்குன்னா தனியா இரும்பு அடிக்கணும். பிரச்சினை அது இல்ல, சூடுதான்" என்றார் பாரூக். "காத்து வண்டி ஓடினாத்தான் காத்து வரும். நடை வேகத்துல மடிப்பெல்லாம் பழுத்துரும். தண்ணி வண்டிக்கு ஃபேன் இருக்கு, நின்ன எடத்துலயும் சுத்தும்."

"பெறகு என்னத்தா யோசனை?" என்றான் அவளுடைய அண்ணன் மதியழகன். ஆத்தூர்த் தோட்டத்தில் டீசல் மோட்டாரோடு மல்லுக்கட்டியே பாதி வயதைக் கழித்தவன். "நம்ம மோட்டார் எப்படி விடிய விடிய ஓடுது? கெணத்துத் தண்ணியே அது ஒடம்புக்குள்ள ஓடுது. தண்ணி இல்லாததெல்லாம் ஒரு எஞ்சினா? பாக்கவும் கெழவன் மாதிரி இருக்கு."

"கெழவன் கூட வந்தாப் போதும்ணே" என்றவள் பாரூக்கிடம் திரும்பினாள். "தண்ணி வண்டியில என்ன கெடும்?"

"ஹோஸ் பிஞ்சாலோ, ரேடியேட்டர்ல கல்லு பட்டாலோ அங்கனயே படுத்துரும். அந்த ரோட்டுல அதுக்குச் சாமானும் கெடைக்காது, ஆளும் கெடையாது."

"காத்து வண்டி சூடானா?"

"நிப்பாட்டிப் போட்டா ஆறும். ஆறினா ஓடும்."

அன்புக்கரசி பழைய வண்டியின் உலோக மடிப்புகளைத் தடவிப் பார்த்தாள். கல்யாணமான புதிதிலிருந்தே சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைகளை மொபெட்டில் கட்டிக்கொண்டு, தொப்பம்பட்டிப் பக்கத்து ஊர்கள் வரை விற்றுப் பிழைத்தவள் அவள். சித்திரை வெயிலில் மொபெட் திணறினால், புளியமரத்தடியில் நிறுத்தி, எஞ்சின் பக்கத்தில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்து, பதம் தெரிந்து மிதிப்பாள். கணவன் படுத்த பிறகு குடும்பத்தை இழுத்ததும் அப்படித்தான். நின்று, ஆறி, மறுபடி ஓடி.

"ஆறவச்சு ஓட்ட எனக்குத் தெரியும் பாய். பிஞ்ச ஹோஸை ஒட்டத் தெரியாது. இதையே பேசி முடிங்க."

"சொன்னாக் கேக்குற சாதியா நீ" என்று தலையிலடித்துக்கொண்டான் மதியழகன்.

தையில் சைடு காரில் தலையணைகளுக்கு நடுவே அழகர்சாமி உட்கார்ந்தான். ஜன்னல் இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தான். மதியழகன் தண்ணீர்க் கேனோடு குழுவில் நடந்து வர, அன்புக்கரசி தன் கணக்குப்படியே ஓட்டினாள். காற்று வர ஒரே ஓட்டமாகக் கொஞ்ச தூரம் முன்னால் போவாள், மர நிழலில் எஞ்சினை அணைப்பாள். குழு வந்து சேர்வதற்குள் வண்டி ஆறிவிடும். ஆனால் அழகர்சாமி ஒவ்வொரு தடவையும் வருகிறவர்களைப் பார்த்தான், கடந்து போகிறவர்களைப் பார்த்தான். அரோகராவை மட்டும் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் அந்தக் கணக்கும் பொய்த்தது. பல ஊர்க் குழுக்கள் ஒன்றாகக் கலந்து சாலை முழுக்கத் தலைகள். முந்த வழியில்லை. முதல் கியரிலேயே ஊர்ந்தாள். சூடு தொடையில் ஏறியது, முறுக்கினாலும் வண்டி இழுக்கவில்லை. ஓரங்கட்டி அணைத்தாள்.

அங்கே ஓர் அம்மாள் யாத்திரைக்காரர்களின் பாதத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கொதிக்கும் எஞ்சினைப் பார்த்ததும் அவள் மனம் இளகிவிட்டது. "ஏனுங்க அம்மிணி, பாவம், இதுக்கும் காலு சுடுதாட்ட இருக்குதுங்க" என்று குடத்தைச் சாய்த்தாள். மோட்டார் சுட்டால் தண்ணீர் என்றே பழகிய மதியழகனும் கேனைத் திறந்துகொண்டு ஓடிவந்தான்.

"ஊத்தாதீக, சுட்ட இரும்பு விரிசல் விட்டிரும்" என்றான் அழகர்சாமி. கத்த முடிந்தது, கையெட்டவில்லை. அதற்குள் அன்புக்கரசி குறுக்கே குனிந்துவிட்டாள். குடமும் கேனும் அவள் முதுகில் கவிழ்ந்தன. எஞ்சினில் ஒரு சொட்டு விழவில்லை. வயிற்றுப் பக்கம் அனல், முதுகில் சில்லென்று மஞ்சள் தண்ணீர்.

நனைந்து நின்றவளிடம் அழகர்சாமி தன் தோள் துண்டை நீட்டினான். "போதும் அன்பு. எனக்காக நீ பட்டது போதும். பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருவோம்."

"ஏறியாச்சுங்க. இனி பழனியிலதான் எறக்கம்" என்றாள். வண்டியை நியூட்ரலில் போட்டாள். ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினாள்.

இரண்டடி நகர்ந்ததும் மதியழகன் தோள் கொடுத்தான். குழுவில் இருந்த சடையாண்டி, "ஏலே, நம்ம அழகரை விட்டுட்டா போறது?" என்று ஓடிவந்து சைடு காரைப் பிடித்தான். இன்னும் நாலு கைகள் சேர்ந்தன. எஞ்சின் சத்தம் இல்லாத அந்த வண்டி, செருப்பில்லாத பாதங்களுக்கு நடுவே, அவற்றின் வேகத்திலேயே உருண்டது. முன்னாலும் பின்னாலும் பச்சை வேட்டிகள். பக்கத்தில் குனிந்து தள்ளியவனின் தோளில் அழகர்சாமி கைபோட்டுக்கொண்டான்.  ஐந்து வருடம் அடைந்து கிடந்த குரல் கரகரத்து எழுந்தது. அவன் எடுத்துக் கொடுக்க, சாலையே அரோகரா என்றது. அன்புக்கரசி யாருக்கும் தெரியாமல் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்தபோது மதியழகன் மடிப்புகள் மேல் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தான். "ஆறிருச்சுத்தா. ஸ்டார்ட் பண்ணு."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் பக்கத்தில் நடந்தவனின் கால் கொப்புளத்தைப் பற்றி ஏதோ கிண்டலடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கெடக்கட்டும்ணே" என்றாள். "அடுத்த ஊரு வரைக்கும் தள்ளுவோம்."