ஆளுக்கேற்ற கம்பி

சண்டை முடிகிற வருசம், கொழும்பு பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு மெலிந்த இளைஞர் இருந்தார். ஒரு கம்பிச்சுருளைப் பப்பாசி இலைத்தண்டுக்குள் நுழைப்பதும் இழுப்பதுமாகவே வந்தார். அகன்ற இடத்தில் சுருள் விரிந்தது, ஒடுங்கிய இடத்தில் சுருங்கியது.

“என்ன தம்பி இது?”

“இதயத்துக்குக் கரண்ட் குடுக்கிற கம்பி, காக்கா. இரத்தக்குழாய்க்குள்ள வைக்கிறது. எங்கட உம்மாக்குப் பெரிய அளவப் போட்டுக் குழாயக் கிழிச்சிட்டானுகள். இது ஆளுக்கேத்த மாதிரி விரியும். இண்டைக்கு டாக்டருக்குக் காட்டணும்.”

சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். கம்பியைக் கண்ட ஆமிக்காரன், குண்டுக்கா என்று கேட்டான். பதில் வருமுன் நிலத்தில் போட்டுச் சப்பாத்தால் நசித்தான். இளைஞர் குனிந்து அதை எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்ப ஏறியதும் கேட்டேன்.

“இனி எதக் காட்டப் போறீங்க?”

“இதத்தான். ஏன் நசிஞ்சதெண்டு டாக்டர் கேக்கட்டும், சொல்லுறன்.”

அந்த டாக்டர் கேட்டாரோ தெரியாது. பதிலைக் கேட்காமலே தள்ளியிருந்தால், அவரும் அந்த ஆமிக்காரனும் எனக்கு ஒன்றுதான்.