உங்கம்மா எத்தனை பேர்?

ஈரம் தெளித்த பருத்திப் புடவைமேல் கரி அடைத்த 'இஸ்திரிப் பொட்டி' இறங்கும்போது புஸ்ஸென்று கிளம்பும் ஆவிக்கு ஒரு வாசனை உண்டு. கஞ்சியும் புகையும் கலந்த அந்த வாசனையில்தான் நான் வளர்ந்தேன். அபிராமபுரத்தில் ஒரு தெருமுனை மரத்தடியில் அம்மாவின் தள்ளுவண்டி நிற்கும். என் ஆங்கில டீச்சரின் வீடும் அதே தெருவில்தான். அவர் வகுப்புக்குக் கட்டி வந்த புடவைகளின் மடிப்பெல்லாம் அம்மா போட்டவை.

நாலாம் வகுப்பில் பெற்றோர் தினத்தன்று அவரவர் அம்மாவையோ அப்பாவையோ ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தச் சொன்னார்கள். அதற்குச் சற்று முன்புதான் டீச்சர் பாடம் நடத்தியிருந்தார்: ஒன்று என்றால் 'திஸ்', பல என்றால் 'தீஸ்'; 'தீஸ்' வந்தால் அடுத்த வாக்கியத்தில் 'தே' வரவேண்டும்; 'தே' என்றால் 'அவங்க', 'இவங்க'. அந்தக் கடைசி வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குள் அம்மாவை 'நீ' என்பேன். நாலு பேர் முன்னால் 'இவங்க எங்கம்மா' என்றுதான் சொல்லவேண்டும். "பெத்த தாய சபையில 'இவ'ன்னா நாக்கு அழுவிப் பூடும்" என்பார் அப்பா.

வண்டியை அப்பாவிடம் விட்டுவிட்டு, ஊரார் துணிக்கு நடுவே அன்றைக்கு மட்டும் தன் புடவையையும் தேய்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்த அம்மாவைக் காட்டி, நிமிர்ந்து நின்று சொன்னேன்: "தீஸ் ஆர் மை மதர். தே அயர்ன் க்ளோத்ஸ்."

டீச்சர் சிரித்தார். "ஏண்டி, உங்கம்மா எத்தனை பேர்? ஒருத்திதானே நிக்கறா? இவ எங்க தெரு இஸ்திரிக்காரி. 'ஷி'ன்னு சொல்லு."

வகுப்பே சிரித்தது, வந்திருந்த பெற்றோரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் தெரியும்.

என் ஆங்கிலம் தப்புதான், மறுக்கவில்லை. ஒரு ஆளுக்கு 'தீஸ்' வராது. திருத்தட்டும், அதற்குத்தானே சம்பளம்! ஆனால் ஆங்கிலத்தைத் திருத்த வந்தவர் தமிழில் என் அம்மாவை ஏன் 'இவ' என்றார்? அடுத்து வந்த டாக்டரம்மாவை "வாங்க, உக்காருங்க" என்றாரே, அந்த ஒற்றை ஆளுக்கு மட்டும் பன்மை எங்கிருந்து முளைத்தது? இப்போதும் அவரை 'ர்' போட்டுத்தான் எழுதுகிறேன் என்றால், அது என்னைப் பெற்றவர்கள் வளர்த்த வளர்ப்பு. அவர் சம்பாதித்த மரியாதை அல்ல.

திரும்பி வரும் வழியில் அம்மா கேட்டார், "இன்னாமே தப்பா சொல்லிட்ட?"

"உன்னிய மருவாதியாதாம்மா சொன்னேன். இங்கிலீசுல அது தப்பாம்."

"வுடு. நான் இனிமே அங்க வர்ல."

சொன்னபடி வரவில்லை. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு எனக்குப் பரிசு கொடுத்த அன்றும் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியிலேயே நின்று, உள்ளே கைதட்டும் சத்தம் கேட்டுத் தானும் தட்டியிருக்கிறார்.

இப்போது அந்த முனையில் வண்டியும் இல்லை, மரமும் இல்லை, வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்லூரியில் படிக்கும் என் மகள் போன வாரம் சொன்னாள், இந்தக் காலத்து ஆங்கிலத்தில் ஒரே ஆளையும் 'தே' என்று சொல்லலாமாம், அந்த ஆள் விரும்பினால் அப்படிச் சொல்வதுதான் மரியாதையாம். நல்லது, இலக்கணம் தாராளமாக மாறிக்கொள்ளட்டும். கேட்டுக்கு வெளியே நின்ற என் அம்மாவை இனி யார் "உள்ள வாங்க" என்று கூப்பிடுவது?