பூட்டியிருந்த அறைக்கு இரண்டாம் தவணை

சத்துவாச்சாரியில் எங்கள் அலுவலகத்தின் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியாது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தைச் சொன்னால்தான் கொண்டுவந்து விடுவார்கள். எங்கள் வேலையும் வெளியே தெரியாத வேலைதான். காவல் நிலையங்கள், சிறைகள், நீதிமன்றங்கள் எல்லாம் தங்களுக்கு என்ன தேவை என்று அரசுக்கு எழுதும். அந்தக் கோரிக்கைகளைப் படித்து, எதற்கு நிதி கொடுக்கலாம் என்று பரிந்துரைப்போம். ஒப்புதல் வந்ததும் தவணை தவணையாக விடுவிப்போம். பிறகு, சொன்ன காரியம் நடந்ததா என்று நேரில் போய்ப் பார்ப்போம். அந்தப் பிரிவுக்கு நான் கண்காணிப்பாளர். வேலை தெரிந்தவள் என்று பெயர் எடுத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு காவல் நிலையத்தில், புகார் கொடுக்க வரும் பெண்களும் குழந்தைகளும் தனியாக உட்கார்ந்து பேச ஓர் அறை கட்டுவதற்கு நிதி கொடுத்திருந்தோம். வேலை முடிந்தது என்று சான்றிதழும் புகைப்படங்களும் வந்தன. இளநீலச் சுவர், சோபா, திரைச்சீலை, ஒரு மூலையில் பொம்மைகள். அடுத்து, அறையை ஒட்டிக் கழிப்பறை கட்ட இரண்டாம் தவணை கேட்டிருந்தார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருநாள் காலையில், சொல்லாமலே பஸ் ஏறிப் போனேன்.

நிலையத்தில் புகார்களை எழுதிக்கொள்ளும் ரைட்டரின் மேசைக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். ஷூ கம்பெனியின் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பைக் மோதிய வழக்குக்காக வந்த நான்கைந்து ஆண்கள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த சூப்பர்வைசர் இன்னா சொன்னான்? கொஞ்சம் சத்தமா சொல்லும்மா," என்றார் ரைட்டர்.

அவள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல சார். அப்புறமா வர்றேன்," என்று வாசல் பக்கம் நடந்தாள்.

நான் யாரென்று ரைட்டரிடம் சொல்லி, அந்த அறை எங்கே என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ரூம் பக்காவா இருக்கு மேடம். பூட்டி வெச்சிருக்கோம்."

"ஏன் பூட்டினீங்க?"

"உங்களுக்காகத்தான் மேடம். ஆய்வுக்கு வரும்போது எல்லாம் புதுசா இருக்கணும்னு லெட்டர் வந்துச்சே. புள்ளைங்க உள்ள வந்தா செவுத்துல கிறுக்கிடும். அப்புறம் எங்களுக்குத்தான் பேஜார்."

அந்தக் கடிதத்தை எழுதியது நான். வேறோர் இடத்தில் நிதியில் வாங்கிய நாற்காலிகள் காணாமல் போன கோபத்தில், 'பொருட்கள் புதிய நிலையில் இல்லாவிட்டால் அடுத்த தவணை நிறுத்தப்படும்' என்று ஒரு வரி சேர்த்து எல்லா நிலையங்களுக்கும் அனுப்பியிருந்தேன். எனக்குக் காது சுட்டது.

"சாவி எங்க?"

"இன்ஸ்பெக்டர் அய்யாகிட்ட. பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு."

"போன் போட்டு, உடனே அனுப்பச் சொல்லுங்க."

வெளியே ஓடினேன். அந்தப் பெண் கேட்டைத் தாண்டியிருந்தாள். "நான் போலீஸ் இல்லம்மா. உள்ள தனியா பேச எடம் இருக்கு. கொஞ்ச நேரம் இருங்க," என்றேன்.

"பாதி வேலையில லீவு சொல்லிட்டு வந்தேன்க்கா. ஜாஸ்தி நேரம் ஆவுமா?"

"ஆகட்டும். நானும் கூட இருக்கேன்."

அரை மணி நேரத்தில் ஜீப்பில் சாவி வந்தது. சோபாவின் மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. நானே கிழித்துப் போட்டேன். ஒரு பெண் காவலர் காகிதமும் பேனாவுமாக உள்ளே போய் அவளோடு உட்கார்ந்தார். கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே பேச்சு நடந்தது. ஒரு சொல்கூட வெளியே கேட்கவில்லை. அறையை நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள்.

நிலையத்தின் காவல் ஆய்வாளர் வந்து சேர்ந்தபோது வியர்த்திருந்தார். "ரூம் நல்லா இருக்கில்ல மேடம்? தவணை போட்ருவீங்கல்ல?"

"நல்லா இருக்கு சார். இன்னைக்கு முன்னாடி யாராவது உள்ள உக்காந்தாங்களா?"

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, "நீங்க எழுதினதைத்தானே நாங்க செஞ்சோம்," என்றார்.

"ஆமா சார். லெட்டர் என்னோடது, பூட்டு உங்களோடது. ரெண்டையும் மாத்திடுவோம்."

மறுநாள் புதிய கடிதத்தின் வரைவோடு எங்கள் துணை இயக்குநர் முன்னால் நின்றேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"எல்லா ஸ்டேஷனுக்கும் போன லெட்டர்மா. இப்ப அது தப்புன்னு நாமளே எழுதினா, மேல இருந்து கேள்வி வருமே."

"வந்தா நான் பதில் எழுதறேன் சார். அந்த வரி நான் எழுதினது."

கோப்பு இரண்டு நாள் அவர் மேசையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் போய் எதிரே உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட்டுக் கோப்பை என் பக்கம் தள்ளினார்.

புதிய கடிதத்தில், சாவி வரவேற்பு மேசையிலேயே இருக்க வேண்டும், அறை பயன்பட்ட நாட்களைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும், புழக்கத்தால் வரும் தேய்மானம் சேதமாகக் கருதப்படாது என்று எழுதியிருந்தேன். அந்தப் பதிவேட்டைப் பார்க்கும்வரை இரண்டாம் தவணையைப் பிடித்து வைத்தேன். ஆய்வாளர் இரண்டு முறை போனில் கோபப்பட்டார். மூன்று மாதம் கழித்துப் பதிவேட்டின் நகல் வந்தது. ஏழு பக்கம் நிறைந்திருந்தது. அன்றே விடுவித்தேன்.

கழிப்பறையைப் பார்க்க மறுபடி போனபோது அதே பெண் காவலர் இருந்தார். ஷூ கம்பெனிப் பெண்ணின் புகாரில் வழக்குப் பதிவாகி, அந்த சூப்பர்வைசர் கைதானதையும், அவள் அதே கம்பெனிக்குத்தான் இன்னும் வேலைக்குப் போகிறாள் என்பதையும் சொன்னார். எனக்கு அப்படியொரு நிம்மதி. அவளை நான் அப்புறம் பார்க்கவில்லை.

கிளம்பும்போது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், அந்த ரூம் ஃபேன் ரொம்ப சத்தம் போடுது. மெதுவா பேசறவங்க பேசறது காதுல விழ மாட்டேங்குது. நிறுத்தினா புழுங்குது. வேற ஃபேன் கெடைக்குமா?"

"இப்ப சொன்னீங்களே, அதையே அப்படியே கோரிக்கையா எழுதிக் குடுங்க," என்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன்.