டார்ச் வெளிச்சமும் சிவப்பு விளக்கும்

மெல்போர்னில் ஆட்களைச் சிரிக்க வைக்க எனக்கு ஐந்து நிமிடம்தான் கொடுக்கிறார்கள். மதுக்கடையின் பின்னறையில் ஒரு தாளில் பெயரை எழுதிவிட்டு, முறை வரும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் திண்டுக்கல் வட்டாரத்தில் முப்பது வருடம் மேடை நகைச்சுவை செய்தவன். சின்னாளப்பட்டி டீக்கடைக்காரர் நான் வாய் திறக்கும் முன்பே சிரித்துவிடுவார். மகளோடு இருக்கலாமென்று ஐம்பத்தெட்டு வயதில் இங்கே வந்தேன். வந்த வாரமே, மேடை இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

முதல் ஞாயிறே மானம் போயிற்று. எங்கள் பக்கத் திருவிழாக்களில் சாமி ஊர்வலம் முடிந்து கோயிலுக்குத் திரும்பும்வரை கூட்டத்தைப் பிடித்து வைப்பதுதான் என் வேலை. கன்னிவாடி விழாக் கமிட்டிச் செல்வராஜ் அண்ணன் கூட்டத்தின் கடைசியில் நின்று டார்ச் அடிப்பார். அடித்தால், சாமி வரத் தாமதமாகும், இன்னும் இழு என்று அர்த்தம். ஒருமுறை அவர் அடித்துக்கொண்டே இருந்தார்; நான் மூன்று மணி நேரம் பேசினேன். நடுவில் கரண்ட் போனது. வெறும் தொண்டையிலேயே ஓட்டினேன்.

மெல்போர்னில் நான்காவது நிமிடத்தில், நிகழ்ச்சி நடத்துகிற டேனி பின்னாலிருந்து ஒரு சிவப்பு விளக்கைக் காட்டினான். அடடே, பயல் ரசிக்கிறான், இழுக்கச் சொல்கிறான் என்று பூரித்துப்போனேன். மறுபடி காட்டினான். ஆகட்டும் என்று கையசைத்துவிட்டு அடுத்த கதைக்குப் போனேன். மைக்கை அணைத்தான். கரண்ட்தான் போய்விட்டது என்று குரலை உயர்த்தினேன். தலைக்குமேல் விளக்கெல்லாம் எரிகிறதே என்று இந்த மடையனுக்குத் தோன்றவேயில்லை.

விளக்கைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் முடிக்க வேண்டுமாம். ஆறு பேர் காத்திருக்கிறார்கள், ஒரு மாதத்துக்கு மேடை கிடையாது என்று என் ஆங்கிலத்துக்கும் புரியும்படி நிதானமாகச் சொன்னான். அழுகை வந்தது. விடுவேனா? மேடைதானே கிடையாது, நாற்காலி உண்டே. ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, யார் எப்படி முடிக்கிறார்கள் என்று பார்த்தேன். வீட்டில் அடுப்பு மணியை நான்கு நிமிடத்துக்கு வைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் மனைவியிடம் பேசினேன். மணி அடித்ததும் நிறுத்தினால், “இம்புட்டுதானா?” என்பாள். ஐந்தாவது வாரம் மறுபடி ஏறினேன். சிவப்பு விளக்கு வந்ததும் ஒரே வரியில் முடித்தேன். அறை அதிரச் சிரித்தார்கள். டேனி தலையசைத்தான். ஊரில் எத்தனையோ துண்டு போர்த்தியிருக்கிறார்கள். இந்தச் சந்தோஷம் வேறு.

இரண்டு வருடம் கழித்து, போன மாதம் கன்னிவாடித் திருவிழாவுக்குப் போயிருந்தேன். அதே மேடை, அதே செல்வராஜ் அண்ணன். பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், டார்ச் அடித்தார். என் வாய் தானாக “நன்றி, வணக்கம்” என்றது. பாதிப் படி இறங்கியும்விட்டேன்.

அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார்.

“ஏலே, எங்கடா இறங்குற? சாமி இன்னும் மேலத்தெருவே தாண்டல. செத்த நேரம் இழுடா.”

கூட்டம் ஒன்றும் புரியாமல் பார்த்தது. திரும்ப ஏறி, ஏன் இறங்கினேன் என்று அந்தச் சிவப்பு விளக்குக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் இழுத்தேன். சாமி வந்த பிறகும் மேளக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது மெல்போர்னில் தாளில் பெயர் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். படி இறங்கிய கதையை இவர்களிடம் சொல்ல வேண்டும். கன்னிவாடியை, சாமியை, அண்ணனை, டார்ச்சை, எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில்.