வால்வுக்குப் பொட்டு வைத்த விஜயதசமி: பல்லடம், தாராபுரம், ஆர்.எஸ்.புரம்

விஜயதசமி அன்று கோவைக்குப் போய் வந்தேன். எந்தக் கோயிலுக்கு என்று கேட்காதீர்கள், பேஸ் கிடார் வாசிக்கப் போனேன். கல்யாணக் கச்சேரிகளில் மேடையின் மூலையில், யாரும் படம் பிடிக்காத இடத்தில் ஒருவன் நாலு தடித்த கம்பிகளோடு நிற்பானே, அந்த வாத்தியம்தான். திருச்சியில் பகலில் மருந்துக்கடை, சாயங்காலம் பேஸ் என்று ஓடுகிற ஆள் நான். எங்களைப் போன்ற கிறுக்குகளுக்கு ‘நாலு கம்பி’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அந்தக் குழு வருஷத்துக்கு ஒருமுறை, விஜயதசமி மாலையில், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சின்ன அரங்கை எடுத்து ஆளுக்குப் பத்து நிமிடம் வாசிக்கும். பாட்டுக்காரர் கிடையாது. ஒரு டிரம்ஸ், மற்றதெல்லாம் பேஸ். கேட்பதற்கு ஆள் வருமா என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. பெரும்பாலும் வராது.

இந்த வருஷம் வந்தார்கள், அதற்குக் காரணம் மகேஸ்வரி அக்கா. பல்லடத்தில் விசைத்தறிக் கூடம் நடத்துகிறவர், ஐம்பது வயதுக்கு மேல் பேஸ் கற்றுக்கொண்டவர், இதுதான் அவருக்கு முதல் மேடை. தன் கூடத்தில் தறி ஓட்டும் ஆறு பெண்களையும் வரச் சொல்லியிருந்தார். இதற்காகவே, கிடார் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஒரு பழைய வால்வு ஆம்ப்பையும் வாங்கியிருந்தார். பழைய வால்வு ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே சிவப்பாய் ஒளிரும் கண்ணாடிக் குமிழ்கள் இருக்கும். அதே சமாச்சாரம்தான், உருவம் மட்டும் பெரிது, எடை முப்பது கிலோ. “இதை எப்படிங்க தம்பி பாத்துக்கறது?” என்று அக்கா குழுவில் கேட்டார். நான் பெரிய மேதாவி மாதிரி பதில் போட்டேன்: “உங்க தறியை எப்படிப் பாத்துக்குவீங்களோ, அப்படியே பாத்துக்குங்க அக்கா.” அந்த ஒரு வரிக்காக அன்று நான் பட்ட பாடு இருக்கிறதே!

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் அதிகாலை நாலரைக்குக் கோவை பஸ். கரூர், காங்கயம் வழியாகப் பல்லடத்தைத் தொட்டுத்தான் போகும், ஆகையால் பல்லடத்துக்கே டிக்கெட் எடுத்தேன், நூற்று அறுபத்தைந்து ரூபாய். முந்தின நாள் ஆயுத பூஜை. பஸ்ஸின் முகப்பில் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் பட்டை பட்டையாகச் சந்தனம் அடித்திருந்தார்கள். “அண்ணே, ரோடு தெரியுதா?” என்று கேட்டேன். “சாமி பாத்துக்கும், நீங்க தூங்குங்க” என்றார் ஓட்டுநர். கிடாரை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். காங்கயத்தில் ஐந்து நிமிடம் நின்றது. டீ பன்னிரண்டு ரூபாய், நன்றாகவே இருந்தது.

ஒன்பது மணிக்குக் கூடத்துக்குள் நுழைந்தால் பூ வாசனை, பொரி வாசனை, எண்ணெய் வாசனை. பூஜை போட்ட தறியை மறுநாள் காலையில்தான் மறுபடி ஓட்டுவார்கள். பன்னிரண்டு தறிகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் மாலையும் பொட்டும். வரிசையின் கடைசியில், பதின்மூன்றாவது தறி மாதிரி, அக்காவின் ஆம்ப்! அதற்கும் மாலை. பின்பக்கத்துப் பலகை கழற்றியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். நாலு பெரிய வால்வுகளின் கண்ணாடியிலும் அழகாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

“ஐயையோ, என்னக்கா இது!”

“ஏனுங் தம்பி, நீங்கதான தறியாட்டப் பாத்துக்கச் சொன்னீங்க?” என்றார் அக்கா, ஒரு குறையும் இல்லாத முகத்தோடு.

வால்வின் கண்ணாடியில் விரல் ரேகைகூடப் படக்கூடாது என்று நினைக்கிற ஆள் நான். அந்த எண்ணெய்ப் பிசுக்கு சூட்டில் கருகும். ஒவ்வொன்றாகக் கழற்றி, உலர்ந்த பருத்தித் துணியால் சந்தனத்தை ஒற்றி எடுத்து, திரும்பப் பொருத்தினேன். ஸ்பீக்கரை இணைத்துவிட்டு ஆம்ப்பைப் போட்டேன். நாலும் மெல்லச் சிவந்தன. அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்தேன்.

அப்போதுதான் தறிகளை ஓட்டும் நேரம் வந்தது. அக்கா நடுவில் நின்று, வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கி, காற்றில் ஒரு வட்டம் சுற்றினார். அவ்வளவுதான், பன்னிரண்டு தறிகளும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டன. அந்தச் சத்தத்தில் யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. கூடத்தில் எல்லாப் பேச்சுமே கைஜாடைதான். தலைக்கு மேல் கையைச் சுற்றினால் ‘ஓட்டு’ என்று அர்த்தம் என்பதைப் பாப்பாத்தி அக்கா என் காதருகே வந்து சொன்னார். ஆறு பேரில் மூத்தவர் அவர்தான்.

நான் அதை ரசித்துக்கொண்டிருந்த நேரத்தில் மகேஸ்வரி அக்கா ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரும் மாவிலையும் எடுத்துக்கொண்டு வந்தார். முதல் தறிக்கு ஒரு தெளிப்பு. இரண்டாவதுக்கு ஒரு தெளிப்பு. எனக்கு விஷயம் உறைத்தபோது அவர் பன்னிரண்டாவதில் இருந்தார். “அக்கா, வேண்டாம்!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினேன். நான் குதூகலிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தபடியே பதின்மூன்றாவதுக்கும் ஒரு தெளிப்பு.

கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர். உள்ளே ஊதாவாய் ஒரு மின்னல் வெட்டியது, ஃபியூஸ் போனது, ஆம்ப் அணைந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன். ஒரு வால்வின் உச்சியில் வெள்ளி பூசினாற்போல இருந்த இடம் பால் மாதிரி வெளுத்திருந்தது. விரிசல் வழியாக உள்ளே காற்று புகுந்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆபீஸ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விவரத்தைச் சொன்னேன். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. “அட கெரகமே, நானே கெடுத்துப்போட்டேனே!” என்றார். அரங்கத்து ஸ்பீக்கரிலேயே கிடாரை நேராகச் சொருகி வாசிக்கலாம் என்று ஆறுதல் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “இல்லீங் தம்பி. இந்தப் பொட்டி எப்படிப் பாடும், எப்படிப் பாடும்னு ஒரு மாசமாப் பெருமை பீத்தியிருக்கறேன். அத்தன பேரும் பஸ்ஸு புடிச்சு வாராங்க. இது பாடலீன்னா நானும் மேடை ஏற மாட்டேன்.” கொங்கு மரியாதையோடு சொன்னாலும் முடிவு முடிவுதான்.

திருநாள் அன்று கடை எங்கே திறந்திருக்கும்? குழுவில் கேட்டேன். இரண்டே நிமிடத்தில் தாராபுரத்திலிருந்து ஜெபராஜ் பதில் போட்டார்: “பிரதர், என்கிட்ட நாலு இருக்கு. கெளம்பி வாங்க.” சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசிப்பவர், தொழில் போட்டோ ஸ்டுடியோ. அவருடைய ஆம்ப்பும் அக்காவுடைய ரகம்தான். ஆனால் அன்று மாலை ஆராதனைக்காக அது சர்ச்சில் இருந்தது, அதனால் மாற்று வால்வுகளைத்தான் கொடுக்க முடியும்.

பத்தரைக்குக் கிளம்பினோம். அக்காவே காரை ஓட்டினார். ஸ்பீக்கரும் கிடார்களும் டிக்கியில், ஆம்ப் பின்சீட்டில், அதற்கு சீட் பெல்ட்டும் போட்டாயிற்று. பல்லடத்திலிருந்து குண்டடம் வழியாகத் தாராபுரம் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆரம்பத்தில் வழியெல்லாம் கோழிப்பண்ணைகள், குண்டடம் தாண்டினால் இரண்டு பக்கமும் காற்றாலைகள். ரோடு நன்றாக இருக்கிறது, வேகத்தடைகள்தான் அதிகம். ஒவ்வொரு தடையிலும் அக்கா வண்டியை ஊர்ந்து ஏற்றினார், நான் பின்னால் திரும்பி ஆம்ப்பின் மேல் கை வைத்துக்கொண்டேன்.

ஜெபராஜ் வீட்டு மேஜையில் ஆம்ப்பைக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து நாலு பொரியும் ஒரு பொட்டுக்கடலையும் விழுந்தன. அவர் அவற்றைப் பொறுக்கி அக்காவின் கையில் கொடுத்து, “பிரசாதம் உங்களுதுங்க, நீங்களே எடுத்துக்குங்க” என்றார். காலையிலிருந்து அப்போதுதான் அக்கா சிரித்தார்.

ஈரம் எங்கும் தங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள ஒரு மணி நேரம் மின்விசிறிக்கு முன்னால் வைத்தோம். அந்த ஒரு மணி நேரத்தில் பேசினோம் பாருங்கள், பயணத்தின் சுகமே அதுதான். ஜெபராஜ் எட்டு வருஷமாகக் கம்பி மாற்றாதவர். “அழுக்கு ஏற ஏறத்தான் பிரதர் சவுண்டுக்கு ஒரு கனம் வருது” என்பது அவர் கட்சி. அழுக்கெல்லாம் கனமாகிவிடாது என்பது என் கட்சி. அக்காவுக்குத் தனி வழி. வாசித்து முடித்ததும் தறிக்கூடத்துக் கழிவு நூலை உருட்டி ஒவ்வொரு கம்பியையும் துடைத்துவிடுவாராம். அவருடைய கம்பியைத் தடவிப் பார்த்தேன், புதிதுபோல இருந்தது. விரல் எட்டாது என்று அவர் வைத்திருக்கும் கழுத்து குட்டையான பேஸை ஜெபராஜ் வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் பத்து நிமிடம் மடியிலேயே வைத்திருந்தார். அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளம். அவர் வீட்டம்மா பரிமாறினார், நான் மூன்று முறை வாங்கினேன்.

உடைந்தது ஒன்றுதான் என்றாலும் நாலையும் மாற்றினோம். நாலும் ஒரே அளவில் மின்சாரம் இழுத்தால்தான் ஆம்ப்புக்கு நல்லது, இல்லையென்றால் ஒன்று உழைக்கும், மற்றது சும்மா இருக்கும். தன் ஆம்ப்புக்கென்று வாங்கிப் பத்திரமாக வைத்திருந்த ஜோடிகளை ஜெபராஜ் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தார். புது ஃபியூஸும் போட்டார். ஆம்ப்பின் பின்னால் இதற்கென்றே உள்ள ஓட்டைகளில் மீட்டர் முனையை நுழைத்து, திருகாணியைத் திருப்பி, மின்னோட்டத்தைச் சரிசெய்தார். அக்கா ஒரே ஒரு சுரம் வாசித்தார். மேஜையில் இருந்த டம்ளர் நடுங்கியது. மூன்று பேரும் குழந்தைகள் மாதிரிக் கை தட்டினோம்.

மறுபடி பல்லடம் வழியாக எண்பது கிலோமீட்டர். ஐந்தே காலுக்கு ஆர்.எஸ்.புரம். பண்டிகைக் கூட்டத்தில் காரை நிறுத்த இருபது நிமிடம் சுற்றினோம்.

என் பத்து நிமிடம் முடிந்து, ஆறரைக்கு அக்காவின் முறை. முன்வரிசையில் பாப்பாத்தி அக்காவும் மற்ற ஐந்து பேரும் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார்கள். டிரம்ஸ் ஆரம்பித்தது, அக்கா சேர்ந்துகொண்டார். எட்டுத் தாள வட்டம் அருமையாகப் போனது. அப்புறம் கை நின்றுவிட்டது. ஆம்ப்பில் கோளாறு ஒன்றும் இல்லை, வால்வுகள் நாலும் ஜம்மென்று ஒளிர்ந்தன. அக்காதான் உறைந்துபோய் நின்றார். டிரம்ஸ் வாசிப்பவர் தனியாகத் தாளத்தை ஓட்டிக்கொண்டே அவரைப் பார்த்தார். மேடை ஓரத்திலிருந்து “வாசிங்கக்கா!” என்றேன், டிரம்ஸ் சத்தத்தில் அது எங்கே எட்டும்?

பாப்பாத்தி அக்கா கத்தவில்லை. எழுந்தார். வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு வட்டம் சுற்றினார். பக்கத்தில் இருந்த ஐந்து பேரும் எழுந்து அதையே செய்தார்கள். தினமும் காலையில் முதலாளியம்மா தங்களுக்குக் காட்டுகிற ஜாடையை அவர்கள் அன்று அவருக்குக் காட்டினார்கள். மகேஸ்வரி அக்கா பார்த்தார். தலையை ஒருதரம் அசைத்தார். அடுத்த தாளத்தில் சரியாகப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் பத்து நிமிடம் முடியும்வரை அந்த விரல்கள் நிற்கவில்லை. நான் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

முடிந்ததும் பாப்பாத்தி அக்கா ஆம்ப்புக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். “காதுல கேக்கறத விட வயித்துலதானுங்க கேக்குது, நம்ம தறியாட்டவே” என்றார். ஆம்ப்பை உடனே தூக்கப் போன அவரைத் தடுத்து, சூடு ஆறட்டும் என்று அரைமணி நேரம் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒருவர் பையிலிருந்து பொரியை எடுத்தார். “பொட்டிகிட்டப் போவாதீங்க!” என்று மகேஸ்வரி அக்கா போட்ட சத்தத்தில் அரங்கமே திரும்பிப் பார்த்தது.

நீங்களும் போவதாக இருந்தால் சில விஷயங்கள். ஆயுத பூஜை விடுமுறையில் பஸ்ஸில் இடம் கிடைப்பது கஷ்டம், வாத்தியத்தோடு போகிறவர்கள் புறப்படும் நிலையத்திலேயே ஏறிவிடுங்கள். பல்லடம் – தாராபுரம் சாலையில் காலை நேரமே நல்லது, மதியத்தில் வெயில் பிளக்கும். வால்வு ஆம்ப்பைக் கொண்டுபோகிறவர்கள் ஒரு செட் மாற்று வால்வும் ஃபியூஸும் பையில் வைத்திருங்கள், என்னை மாதிரி அடுத்தவர் கையிருப்பை நம்பிப் போகாதீர்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்பைப் போடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கி வீசுகிற மின்சாரம் தங்கியிருக்கும், விவரம் தெரியாமல் கையை விடாதீர்கள். அப்புறம், யாருக்காவது ஒரு வரியில் ஆலோசனை சொல்லும்போது, கேட்கிறவர் வீட்டு வழக்கம் என்ன என்று கொஞ்சம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் அக்கா குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். ஆம்ப்பின் மரப்பெட்டிக்கு வெளியே, கைப்பிடிக்குப் பக்கத்தில், ஒரே ஒரு சின்னப் பொட்டு. கீழே எழுதியிருந்தார்: “உள்ளுக்கு வெக்கலீங்க தம்பி. ஆனா பொட்டு வெக்காத மிசினு எங்கூட்டுல ஒண்ணுகூட ஓடுனதில்லீங்க.” பதிலுக்கு ஆலோசனை எதுவும் சொல்லவில்லை நான். தலைக்கு மேல் கையைச் சுற்றுகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்பினேன்.